தண்ணீரைச் சுத்தமாக மாற்றவும்

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வருகிறது. கப்பலில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் பஞ்சாயத்துப் பண்ண முடியாது என்று உன் அண்ணனும் கைவிரித்துவிட்டார். அதனால் இனி மெயில். எழுதும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு அது வசதி.

இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். புது ஆஸ்பத்திரி, புது எக்ஸ்ரே மெஷின், அதைத் தொடப் பயப்படும் புது ஆட்கள். அவர்களைப் பழக்கிவிட்டு ஜூன் கடைசியில் திரும்புவேன். அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக நீ சொன்னாய், நானும் சரி என்றேன். கிளம்புகிற அன்று இரண்டு பேரும் வேண்டாத வார்த்தைகள் பேசினோம். ஆனால் அந்த முடிவு சரியான முடிவுதான். புருஷனை விட்டு வந்தவள் கொஞ்ச நாள் மூச்சு விடட்டும் என்றுதான் உள் அறையைக் கொடுத்தேன். நீ கூடத்தையும் பட்டறையாக்கிவிட்டாய். சோபாவில் உட்காரப் போனால் லிப்டின் பல்சக்கரம் உட்கார்ந்திருக்கிறது, கிரீஸோடு.

அதுவரை மீன் தொட்டி உன் பொறுப்பு. மேல்தண்ணீரில் இருப்பது முத்து கௌராமி, ஆணும் பெண்ணும். நெஞ்சிலிருந்து நீளமாக இரண்டு இழை தொங்கும். அதால் தடவித் தடவித்தான் நடமாடுவார்கள். நடுவில் செம்பு நிறத்தில் ரஸ்போராக் கூட்டம். தரையில் மீசை வைத்த கோரிகள். மூன்று மாடி, மூன்று குடும்பம், ஒருவர் வாசலில் ஒருவர் போய் நிற்பதில்லை. இப்படி ஒரு கூட்டத்தைச் சேர்க்க எனக்கு வருஷக்கணக்கானது.

சாப்பாடு ஒரு வேளை, ஒரு சிட்டிகை. வாரம் ஒருமுறை தண்ணீரைச் சுத்தமாக மாற்றவும். நீல வாளி அதற்கு மட்டும். தெரியாததைக் கேள். எதையும் ‘எனக்குத் தெரியும்’ என்று ஆரம்பிக்காதே.

அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

எனக்குத் தெரியும்.

மாடி மாடியாக மனிதர்களைக் கம்பியில் தொங்கவிட்டு ஏற்றி இறக்குகிறவள் நான். இதுவரை யாரும் பாதியில் நின்று அலறியதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டி என்னை என்ன செய்துவிடும்?

வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை, ஞாபகப்படுத்தவும் வேண்டாம். அண்ணி சொன்னால் அறிவுரை, நாத்தனார் சொன்னால் வாய்க்கொழுப்பு என்கிற கணக்கில் இந்த வீட்டில் பேச்சு வளர்கிறது. எனக்கும் அலுத்துவிட்டது. ஒரு தட்டை எங்கே கவிழ்த்து வைப்பது என்பதற்குக்கூடச் சட்டம் இருக்கிற வீடு இது.

உங்கள் மீன்கள் சாப்பிட்டன. ஒன்றும் பேசவில்லை. உங்கள் வளர்ப்பு என்று பார்த்தாலே தெரிகிறது.

இப்படிக்கு, நீங்கள் வைத்த பட்டப்பெயரோடு,
ஸ்பேனர்


பிப்ரவரி 15

அண்ணி,

இன்று தொட்டிக்கு முழு சர்வீஸ் முடித்துவிட்டேன். சொன்னது வெறும் தண்ணீர் மாற்றுவதுதான். ஆனால் ஒரு வேலையில் கை வைத்தால் அரைகுறையாக விடுவது என் பழக்கமில்லை.

மீன்களைப் பாத்திரத்துக்கு மாற்றி, பழைய தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் இறைத்துவிட்டேன். கூழாங்கல்லை அரிசி களைவதுபோல் களைந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், அண்ணி, கோபித்துக்கொள்ளக் கூடாது, உள்ளே இருந்த பஞ்சு கரிபிடித்த துணி மாதிரி வழவழவென்று இருந்தது. வீட்டில் ஒரு தூசி இருந்தால் மூக்கைச் சுளிப்பவர் இதை எப்படி விட்டீர்களோ! சோப்புப் போட்டு வெந்நீரில் அலசி வெள்ளை வெளேரென்று ஆக்கி மாட்டியிருக்கிறேன். குழாயைத் திறந்து விளிம்பு வரை நிரப்பிவிட்டேன். நீங்களே பார்த்தால் கடையில் வாங்கிய புதுசு என்பீர்கள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நன்றி சொல்கின்றன என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்பேனர்


பிப்ரவரி 15, உடனே

அடிப் பாவி,

அது நன்றி இல்லை, மூச்சுத் திணறல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அது செவுளை எரிக்கும். தொட்டிக்கு அடியில் அலமாரியில் குளோரினை முறிக்கும் மருந்து பாட்டில் இருக்கிறது. அதன்மேல் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து இப்போதே விடு. காற்றுக் குமிழிக் குழாயை முழு வேகத்தில் வை. சாப்பாடு போடாதே. நாளையிலிருந்து தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு, மருந்து கலந்த தண்ணீரை ஊற்று.

சோப்பா? பஞ்சுக்கு? வேறு எதுவும் எழுதவில்லை.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணி,

நடு மாடி காலி. ரஸ்போராக்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன். தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துப் போயிருக்கிறது. கோரிகள் சில இருக்கின்றன, மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கௌராமிகள் மேலே வந்து காற்றைக் குடித்து எப்படியோ தாக்குப்பிடிக்கின்றன. அவை அப்படிக் குடிக்கக்கூடிய வகையாம், இப்போதுதான் படித்தேன்.

பின்பக்கம் செடி வைத்த தொட்டியில் புதைத்தேன். எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஒரு லிப்ட் விழுந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது, ஏனென்றால் என் கையில் லிப்ட் விழாது.

இதைச் சொல்லிவிட்டேன், இனி என் பக்கம். உங்கள் முதல் மெயிலை எடுத்துப் படியுங்கள். ‘தண்ணீரைச் சுத்தமாக மாற்றவும்.’ சுத்தமா மறந்துட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது என்றா? அவனை எனக்குச் சுத்தமா பிடிக்கலை என்று நான் என் புருஷனைப் பற்றிச் சொன்னபோது, ஓரளவு பிடிக்கும் என்றா எடுத்துக்கொண்டீர்கள்? சுத்தமாக என்று எழுதினீர்கள். நான் சுத்தமாக மாற்றினேன்.

ஸ்பேனர்


பிப்ரவரி 20

ஸ்பேனருக்கு,

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுத ஆரம்பித்தேன். அப்புறம்தான் அந்த மெயிலை எடுத்துப் பார்த்தேன்.

சுத்தமான கை, சுத்தமான வாளி, சோப்பு படாமல், கால்வாசித் தண்ணீர் மட்டும். இவ்வளவும் என் மனதில் இருந்தது. வெளியே வந்தது ஒரே வார்த்தை. இங்கே கூட வேலை செய்யும் நர்ஸிடம் ஒன்றும் சொல்லாமல் அந்த வரியை மட்டும் காட்டினேன். “முழுசா மாத்தச் சொல்லியிருக்காங்க மேடம். யாரு இவ்ளோ கண்டிப்பா எழுதுறது?” என்றாள்.

ஆகவே தண்ணீர் என் தலையில். சோப்பு உன் தலையில். அதில் ஒரு நுரைகூட நான் பங்கு வாங்கமாட்டேன்.

ரஸ்போராக்களின் நினைப்பாகவே இருக்கிறது. மதியம் எக்ஸ்ரே அறையில் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது போகட்டும்.

நீ அலசி வெளுத்தது அழுக்கு இல்லை, உயிர். மீன் கழிப்பதெல்லாம் தண்ணீரில் விஷமாகும். அதைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் அந்த வழவழப்பில்தான் குடியிருக்கின்றன. அந்தப் பஞ்சுதான் தொட்டியின் கல்லீரல். இனி அதைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும். புதிதாக அவை வளர வாரக்கணக்காகும். குறுக்கு வழி ஒன்றுதான் உண்டு. நோயில்லாத பழைய தொட்டி யாரிடமாவது இருந்தால், அவர்கள் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி நம்முடையதில் வை. வெட்கப்படாமல் கேள்.

அண்ணி


மார்ச் 3

அண்ணி,

கிடைத்துவிட்டது! நான் லிப்ட் பார்க்கிற கட்டிடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். வருகிறவர்களின் பயம் தெளிய வாசலில் பெரிய தொட்டி வைத்திருக்கிறார். ஆயில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நேராக உள்ளே போனேன்.

“டாக்டர், உங்க ஃபில்டர் அழுக்குல எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?”

“அழுக்கையா?”

“ஆமா. இருக்கிறதிலேயே அழுக்கான பக்கமாப் பார்த்து.”

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “இங்க வர்றவங்க எல்லாம் அழுக்கை எடுத்துவிடச் சொல்லித்தான் வருவாங்கம்மா. கேட்டு வாங்கிட்டுப் போக வந்த முதல் ஆள் நீதான்” என்றார். ஆனால் அவரே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுத்தார். ஈரம் காயாமல் பையில் கட்டி, அடுத்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அது ஆகி ஒரு வாரம், இன்று தண்ணீர் தெளிந்திருக்கிறது. கோரிகள் கூழாங்கல்லை முகர்ந்துகொண்டு மறுபடி அலைகின்றன. என்ன மாதிரி அலைச்சல் தெரியுமா, சாவியைத் தொலைத்த ஆள்போல. நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். தட்டைக் கழுவிச் சட்டப்படி கவிழ்த்தும் வைத்தேன்.

ஸ்பேனர்


மார்ச் 20

அண்ணி,

உங்களுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி. போட்டோ இணைத்திருக்கிறேன். நடு மாடிக்குக் குடி வந்தாயிற்று! கடையில் ரஸ்போரா இல்லை. அதே அளவில், அதைவிட அழகாக, கறுப்புப் பட்டை போட்டு, சுறுசுறுப்பாக மூன்று பேர் இருந்தார்கள். கடைக்காரர் “எல்லாத்தோடயும் நல்லாப் பழகும்மா” என்றார். பழகத்தான் செய்கிறார்கள். வந்த நிமிஷத்திலிருந்து கௌராமி பின்னாலேயே சுற்றுகிறார்கள்.

ஸ்பேனர்


மார்ச் 21

ஸ்பேனருக்கு,

எக்ஸ்ரேயில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிறவள் நான். உன் போட்டோவில் ஆண் கௌராமியின் ஓர் இழை பாதிதான் இருக்கிறது. அதைத் தின்றது உன் பட்டைக்காரர்கள். பெயர் டைகர் பார்ப். நீளமாக எது தொங்கினாலும் கடித்துப் பார்ப்பது அவர்கள் குணம்.

அளவு பொருந்துகிறது, அழகாக இருக்கிறது என்று மீன் சேர்க்கக் கூடாது. ஒரே மாதிரித் தண்ணீர் வேண்டும், ஒரே சூடு வேண்டும், வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் வாய்க்குள் இன்னொருவர் நுழைகிற அளவில் இருந்தால் அது துணை இல்லை, சாப்பாடு. அதிலும் பார்ப்பை மூன்றாக வாங்கியிருக்கிறாய். கூட்டமாக இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு பொழுதைப் போக்குவார்கள். இரண்டு மூன்று பேராக இருந்தால் ஊர் வம்புக்கு வருவார்கள். புதிதாக எது வந்தாலும் சில வாரம் தனி டப்பில் வைத்து நோய் இல்லை என்று பார்க்காமல் உள்ளே விடக் கூடாது என்பதும் உனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்றே பிரித்துவிடு. ஒத்துப்போகாததை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பொறுத்துப் போவது நல்ல மனசு இல்லை, சோம்பேறித்தனம்.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

பிரித்துவிட்டேன்.

உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மீனைப் பற்றித்தான் எழுதினீர்களா என்று கேட்க மாட்டேன். எப்படி இருந்தாலும் நியாயமான வரி.

என் அறையில் கருவி வைக்கிற அலமாரியைக் காலி செய்து அங்கே பார்ப்புக்குத் தனித் தொட்டி வைத்திருக்கிறேன். கண்ணாடி வெட்டி ஒட்டியது நானே. ஒழுகவில்லை. பல் டாக்டரின் பஞ்சில் பாதி அதற்கு.

எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. ரயில் பாலத்துக்குப் பின்னால், மாடியில் ஓர் அறை. வீட்டுக்காரர் வாய் பேசாதவர்போல் இருக்கிறார், தலையை மட்டும் ஆட்டினார். ஜூன் நடுவில் போகிறேன். நீங்கள் வரும்போது கூடம் பழையபடி உங்கள் கூடமாக இருக்கும்.

ஸ்பேனர்


ஏப்ரல் 18

ஸ்பேனருக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே வேலை அதிகம். அது பொய். எழுதி எழுதி அழித்தேன்.

இடம் கிடைத்தது நல்லது. ஜன்னல் இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? கௌராமியின் இழை மறுபடி வளரும், கவலைப்படாதே. தண்ணீர் மட்டும் நன்றாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் எழுத வருகிறது.

அண்ணி


மே 19

அண்ணி,

ஜன்னல் இருக்கிறது, பாலத்தைப் பார்த்து. தண்ணீர் காலையில் வருகிறது.

தொட்டிக் கணக்கை ஒப்படைக்கிறேன். இழை முழுக்க வளர்ந்துவிட்டது. ரஸ்போரா வாங்கித் தனி டப்பில் வைத்தேன். ஒன்றின் மேல் உப்புத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி வந்தது. மருந்து போட்டு, சூட்டைக் கொஞ்சம் ஏற்றி, புள்ளி உதிர்ந்த பிறகும் பொறுத்திருந்துதான் பெரிய தொட்டியில் விட்டேன். யாரையும் கேட்கவில்லை. உங்கள் புத்தகங்களைப் படித்தேன். நேற்று ஆண் கௌராமி மேலே இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்து இழையால் தொடுகிறது. என்னோடு வாழ்ந்தவன் என்னை ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை.

பார்ப்புக்கும் ஆள் சேர்த்துக் கூட்டமாக்கினேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை துரத்தல், முறைப்பு, வாலை ஆட்டி வம்பு. பயந்துபோய் ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, அண்ணி. சாப்பாடு போட்டால் தோளோடு தோள் நின்று தின்கிறார்கள். மீனுக்குத் தோள் ஏது என்று எழுதாதீர்கள்.

ஜூன் பத்தாம் தேதியே போய்விடுகிறேன். கொஞ்சம் முன்னால்தான். நான் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் வந்து இறங்கும்போது பெட்டியோடு உங்கள் வாசலில் நிற்பதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இல்லை. புருஷன் வீட்டு வாசலில் அப்படி ஒருமுறை நின்றாயிற்று. இன்னொன்று வேண்டாம்.

ஸ்பேனர்


மே 21

என் ஸ்பேனருக்கு,

போகாதே.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஒரு மாதமாக எழுதி அழித்தேன். இதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதா என்று நர்ஸிடமும் காட்டிவிட்டேன். இல்லையாம்.

அண்ணி


மே 23

அண்ணி,

படித்தேன். லிப்டின் மேல் உட்கார்ந்துகொண்டு படித்தேன். கீழே ஆட்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உடனே சரி என்று சொல்ல வரவில்லை. தொட்டிக்கு நல்ல ஆள் கிடைத்துவிட்டாள் என்பதற்காகக் கூப்பிட்டால் அதற்கு நான் வேண்டாம். ரயில் பாலத்திலிருந்தே வாரம் ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றித் தருகிறேன். கால்வாசி.

ஒரே கேள்வி, உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் மீனே இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருப்பீர்களா?

ஸ்பேனர்


மே 24

ஸ்பேனருக்கு,

எழுதியிருக்க மாட்டேன்.

உண்மை கேட்டாய், சொல்லிவிட்டேன். மீன் இல்லாவிட்டால் நீ போயிருப்பாய். நான் வந்து கூடத்தைத் துடைத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்திருப்பேன். யாரை வெளியே அனுப்பினோம் என்பது எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. ஒரே வீட்டில் இருந்தபோது நீ கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். அழுக்குப் பஞ்சைப் பையில் கட்டிக்கொண்டு வேலையை விட்டு ஓடி வருகிறவள் என்று இந்த மெயில்களில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது தெரியும். தெரிந்த பிறகும் உன்னை அனுப்பினால் நான் என்ன மனுஷி?

ஒத்துப்போகாததைப் பிரித்து வை என்று எழுதினேன். பாதி மீனைப் பற்றி, பாதி உன்னைப் பற்றி. மீனுக்கு அது சரி. அதற்கு வாய் இருந்தும் கடிக்க மட்டும்தான் தெரியும். நம் இரண்டு பேருக்கும் வாய் விஷயத்தில் அந்தக் குறை இல்லை. தினமும் சண்டை போடுவோம், எனக்குச் சந்தேகமே இல்லை. போடலாம்.

தொட்டியை நீ பார்க்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வீட்டில் இரு.

ஜூன் இருபத்தெட்டு, மதிய ரயில். ஸ்டேஷனுக்கு வராதே, உனக்கு வேலை இருக்கும். என் பையில் வீட்டுச் சாவி இருக்கிறது. அதை எடுக்கப் போவதில்லை. நீ வேலை முடித்து வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன், பெட்டியோடு. நீ வந்து கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிடு.

அண்ணி